பத்திரிகைச் சட்டமும் அறமும்

இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் அளிக்கின்றது. 15ஆம் உறுப்புரை அதற்கு எல்லை வகுக்கின்றது. எதனை வெளியிடலாம் என்பதனைச் சட்டத்திற் காணலாம். எதனை வெளியிட்டே ஆதல் வேண்டும் என்பதோ அறத்தின்பாற்பட்டது.

இறந்தோர் உடலின் படத்தை அச்சிடலாகாது என்பது பத்திரிகை அறத்தின் பொதுவிதி. சுற்றத்தாரின் துயரை விலைப்பொருளாக்குதல் தகாது என்பதே அதன் காரணமாகும். ஆயினும், திருகோணமலை நிகழ்ச்சியொன்று இவ்விதியின் உட்பொருளை ஆராயத் தூண்டுகின்றது.

2006 ஜனவரி 2ஆம் நாள் இத்துறைமுக நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து மாண்டனர் எனப் படைத்தரப்புக் கூறிற்று. சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அம்மாதம் 24ஆம் நாள் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர் 13 பேரும் போதிய சான்றின்மையால் 2019இல் விடுவிக்கப்பட்டனர்.

ஈண்டுப் படம் மறைக்கப்பட்டிருப்பின் பொய்யே வரலாறாகியிருக்கும். ஆதலின், இதழியல் பயில்வோர் விதியை மனனஞ் செய்வதோடு அமையாது, அவ்விதி யாரைக் காத்தற்கு எழுந்தது என்பதனையும் ஆராய்தல் வேண்டும்.