உறைக்குள் ஒளிந்த சூது

தமிழ் வீடுகளில் ‘சீட்டு’ என்ற சொல்லுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. சீட்டாடிக் கெட்டவர், சீட்டுப் பிடித்துப் பணத்தோடு ஓடியவர், லாட்டரிச் சீட்டிலேயே சம்பளத்தைத் தொலைத்தவர் என்று எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு கதை தேறும். வள்ளுவரே சூதுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். அதனால் சிம்பாங் அம்பாட்டில் பள்ளி விட்டு வந்த பிள்ளை கைப்பேசியைத் தடவிக்கொண்டே “சீட்டு விளையாடுறேன்மா” என்று சொன்னால் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுவதில் வியப்பில்லை. திரையில் இருப்பது போக்கிமோன் சீட்டுப்போர் என்று தெரிந்த பிறகும் அந்தக் கலக்கம் முழுதாகப் போவதில்லை. போகவும் வேண்டாம் என்பேன். அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அவர் சூதைத் தேடும் இடத்தில் அது இல்லை. சண்டை தொடங்குவதற்கு வெகு முன்பே, சீட்டு உறையைப் பிரிக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

போக்கிமோன் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய் கருவிக்கு வந்த விளையாட்டு. அதே ஆண்டு அக்டோபரில் அது காகிதச் சீட்டாகவும் வந்தது. 1998 டிசம்பரில் அந்தக் காகிதச் சீட்டாட்டத்தையே மறுபடி கேம்பாய்க்குள் கொண்டுபோனார்கள். ஹட்சன் சாஃப்ட் செய்த அந்தக் கார்ட்ரிட்ஜ் 2000-இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் எட்டியது. இன்று கைப்பேசியில் ஓடும் ‘போக்கிமோன் டிசிஜி பாக்கெட்’ அந்த வழியில் வந்த பேரன். கிரியேச்சர்ஸ், டிஎன்ஏ என்ற இரு ஜப்பானிய நிறுவனங்கள் உருவாக்கிய இது 2024 அக்டோபர் 30-இல் உலகெங்கும் வெளியானது. நாம் சட்டைப்பையையும் பாக்கெட் என்கிறோம், கடையில் வாங்கும் பொட்டலத்தையும் பாக்கெட் என்கிறோம். இந்த விளையாட்டுக்கு இரண்டு பொருளுமே பொருந்திப்போகின்றன.

முதலில் சண்டையைப் பார்ப்போம். காகித ஆட்டத்தில் ஒருவருக்கு 60 சீட்டு. பாக்கெட்டில் 20 மட்டும். ஒரே பெயருள்ள சீட்டு இரண்டுக்கு மேல் கூடாது. எதிராளியின் சீட்டில் உள்ள சாதாரணப் பிராணியை வீழ்த்தினால் ஒரு புள்ளி, ‘ஈஎக்ஸ்’ என்ற வலிய வகையை வீழ்த்தினால் இரண்டு. மூன்று புள்ளியை முதலில் தொட்டவருக்கு வெற்றி. பழைய ஆட்டத்தில் தாக்குவதற்கு வேண்டிய ஆற்றலும் சீட்டாகவே கட்டுக்குள் கிடக்கும். அது கைக்கு வராவிட்டால் எவ்வளவு நல்ல சீட்டு இருந்தாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பாக்கெட்டில் ஆற்றல் முறைக்கு ஒன்றாகத் தானே வந்துவிடும். அதை முன்னால் நிற்பதற்குக் கொடுப்பதா, பின்வரிசையில் வளர்வதற்குச் சேமிப்பதா, இரண்டு புள்ளி பறிபோகும் என்று தெரிந்தும் ஈஎக்ஸை முன்னிறுத்துவதா என்பதுதான் ஆட்டம். எந்த இருபதைக் கட்டில் சேர்ப்பது என்பதில் பாதி வெற்றி முடிவாகிவிடுகிறது. ரம்மி திறமையின் ஆட்டமா என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் திறமையே என்றது 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி, போக்கர் இரண்டையும் அப்படித்தான் பார்த்தது. அந்த அளவுகோலை வைத்தால் போக்கிமோன் சண்டை தாராளமாகத் தேறும்.

‘நாணயம் சுண்டுகிறார்களே, அது அதிர்ஷ்டம் இல்லையா?’ என்று கேட்கலாம். அதிர்ஷ்டம்தான். ‘மிஸ்டி’ என்றொரு சீட்டு உண்டு. அதைப் போட்டால் பூ விழும்வரை நாணயம் சுண்டலாம். விழுந்த தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர் ஆற்றல். முதல் சுண்டலிலேயே பூ விழுந்து வெறுங்கையாகப் பாதி வாய்ப்பு. மூன்று அல்லது அதற்கு மேல் ஆற்றல் கிடைக்க எட்டில் ஒன்று. அந்த எட்டில் ஒன்று எதிராளிக்கு விழும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மிஸ்டியைக் கட்டில் சேர்ப்பதா, அது பொய்த்தால் எதை வைத்துச் சமாளிப்பது என்ற கணக்கை ஆடுகிறவர் முன்கூட்டியே போட்டாக வேண்டும். கிரிக்கெட்டில் டாஸ் போடுவதால் கிரிக்கெட் சூதாகிவிடுவதில்லை. அதைவிட முக்கியம், இந்த நாணயத்தின் மேல் யாரும் காசு வைப்பதில்லை.

காசு வேறொரு கதவு வழியாக உள்ளே வருகிறது. கட்டு சேர்க்கச் சீட்டு வேண்டும், சீட்டு வேண்டுமென்றால் உறை பிரிக்க வேண்டும், உறைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பாக்கெட்டில் ஓர் உறைக்கு ஐந்து சீட்டு. 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாளுக்கு இரண்டு உறை இலவசம். அதற்கு மேல் அவசரப்படுகிறவர்களுக்குக் கட்டண வழிகள் உண்டு. திரையில் உறைகள் வட்டமாகச் சுழன்று வரும். பிடித்ததைத் தொட்டு எடுத்து, மேல் விளிம்பில் விரலை இழுத்தால் தாள் கிழிகிற மாதிரியே கிழியும். எந்த உறையைத் தொட்டாலும் வெளியிட்ட விகிதம் ஒன்றுதான். ஆனாலும் ‘நான் தேர்ந்தெடுத்தேன்’ என்ற நினைப்பில் ஒரு சுகம் இருக்கிறது. விபத்தில் நசுங்கிய காரின் பதிவு எண்ணை எழுதிக்கொண்டு அதன்மேல் பணம் கட்ட நம்பர் கடைக்குப் போகிறவருக்கு இந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை.

விகிதத்தை விளையாட்டுக்குள்ளேயே வெளியிட்டிருக்கிறார்கள் என்பது பாராட்டத்தக்கது. முதல் தொகுப்பான ‘ஜெனடிக் ஏபெக்ஸ்’ உறைகளை எடுத்துக்கொள்வோம். மகுடம் பொறித்த பொன்னிறச் சீட்டு நான்காவது சீட்டாக வர 0.04 விழுக்காடு, ஐந்தாவதாக வர 0.16 விழுக்காடு. கூட்டினால் 0.2, அதாவது சராசரியாக 500 உறைக்கு ஒன்று. நாளுக்கு இரண்டு இலவச உறை மட்டும் என்றால் 250 நாள். சராசரி என்பதால் எல்லாருக்கும் 500-இல் கிடைத்துவிடாது. 500 பிரித்த நூறு பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு வடிகால் வைத்திருக்கிறார்கள். உறைக்கு 5 புள்ளி சேரும், 2,500 புள்ளி கொடுத்தால் மகுடச் சீட்டையே வாங்கலாம். 2,500-ஐ 5-ஆல் வகுத்தால், சொல்லிவைத்தாற்போல் அதே 500 உறை.

‘மகுடச் சீட்டு வெறும் அலங்காரம், சாதாரண ஈஎக்ஸ் சீட்டுக்கும் அதே பலம்தான்’ என்பது ரசிகர்களின் பதில். உண்மைதான், நியாயமான பதிலும்கூட. ஆனால் அந்தச் சாதாரண ஈஎக்ஸ் வகையில் ஏதோ ஒன்று வரவே உறைக்குச் சுமார் 8 விழுக்காடுதான் வாய்ப்பு. நினைத்த பிராணியே வர அதைவிடக் குறைவு. கட்டுக்கோ பல சமயம் அதில் இரண்டு வேண்டும். இன்னொரு பதில், உறைக்கு ஐந்து சீட்டு நிச்சயம், ஆகவே தோல்வி என்பதே இல்லை என்பது. படச்சீட்டு உறைகளை எதிர்த்து அமெரிக்காவில் தொடுத்த வழக்குகளில் 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது. வாங்கியவர் பேரம் பேசிய பொருளைப் பெற்றுவிட்டார், அவருக்கு நட்டம் இல்லை என்றது. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் ஐந்தாவது முறையாக வந்த அதே கம்பளிப்பூச்சிச் சீட்டைப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளை அதைப் பொருள் என்று எண்ணுவதில்லை. ‘வரவில்லை’ என்றுதான் எண்ணுகிறது. சீட்டைப் பணமாக மாற்ற முடியாதே என்பது மூன்றாவது பதில். அதனால் வீட்டில் கடன் ஏறாது என்றால் ஒப்புக்கொள்ளலாம். இன்னொரு முறை பிரித்துப் பார்க்கத் தூண்டும் அரிப்புக்குப் பணப்பரிசு தேவையில்லை.

ஜப்பானே இதை ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறது. காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் பெட்டியின் பெயரால் ‘கச்சா’ என்று அழைக்கப்படும் முறை அங்கே கைப்பேசி விளையாட்டுகளில் பரவியது. தற்செயலாக விழுவதைத் திரட்டித் தொகுதியை நிறைவு செய்தால் அரிய பரிசு என்ற வகை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2012 மே மாதம் நுகர்வோர் முகமை அறிவித்தது. அப்போது அந்த வகையைக் கைவிட்ட பெரிய நிறுவனங்களில் டிஎன்ஏவும் ஒன்று. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் விளையாட்டுகளுக்குள் காசுக்கு விற்கும் மர்மப் பெட்டிகள் சிலவற்றைச் சூது என்றே வகைப்படுத்தியது. இங்கே மலேசியாவில் நம் பக்கத்து மாநிலமான கெடா 2023 முதல் நம்பர் கடைகளுக்கு உரிமம் புதுப்பிப்பதை நிறுத்தியது. கடைக்கு எல்லைக்கோடு உண்டு, கதவு உண்டு, உள்ளே வரும் சிறுவனைத் திருப்பியனுப்பக் கல்லாவில் ஓர் ஆள் உண்டு. கைப்பேசியில் இந்த மூன்றும் இல்லை.

‘உறை இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை, அதன் உயிரே அதில்தான்’ என்று இதற்கும் ஒரு மறுப்பு வரும். அதற்குப் பதில் அந்தப் பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. அதிலும் உறை உண்டு, உள்ளே என்ன என்று தெரியாத படபடப்பும் உண்டு. ஆனால் ஒரு முறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அதன்பின் விற்பதற்கு எதுவும் இல்லை. எட்டு மன்றங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலைவர், எல்லாரையும் தாண்டினால் நான்கு பெருந்தலைவர்கள். ஒருவரை வென்றால் அவர் உறை கொடுப்பார். தோற்றால் கட்டைக் கலைத்து, எங்கே பிசகியது என்று யோசித்து, திரும்பப் போக வேண்டும். நல்ல சீட்டு வேண்டுமென்றால் நன்றாக ஆடுவதைத் தவிர வழியில்லை. அந்த விளையாட்டு 2023 ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் சந்தா நூலகத்தில் மறுபடி வந்தது. சந்தா கட்டியவர்கள் இன்றும் அதை எடுத்து ஆடலாம். நீர் மன்றத்துத் தலைவரிடம் எத்தனை ரிங்கிட் நீட்டினாலும் உறை கிடைக்காது. அவரைத் தோற்கடிக்க வேண்டும்.