பட்டியலைப் போடுவது யார்?

க.நா.சு. பட்டியல் போட்டபோது, 'அது ஒருத்தரின் ரசனை' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. தனியொரு விமர்சகனின் அதிகாரத்துக்கு மாற்றாக இன்று முன்வைக்கப்படுவது கூட்டுமதிப்பீடு. நூறு பேரிடம் மதிப்பெண் வாங்கிக் கூட்டிவிட்டால் ஜனநாயகம் வந்துவிடும் என்கிறார்கள். வருமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அ, ஆ, இ என்று மூன்று நாவல்கள். வாசகர்கள் ஐந்து பேர். மூவரின் வரிசை அ, ஆ, இ. மற்ற இருவரின் வரிசை ஆ, இ, அ. முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. போர்தா 1770இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்த முறையின் சாரம் இதுதான். அ-வுக்கு 6, ஆ-வுக்கு 7, இ-க்கு 2. ஆ ஜெயித்தாயிற்று.

இப்போது இ-யைத் தூக்கிவிடுங்கள். யாருமே முதலிடம் தராத நாவல்தானே, போனால் என்ன? ஆனால் மிஞ்சிய இரண்டில் அ-வுக்கு மூன்று பேர், ஆ-வுக்கு இரண்டே பேர். ஒருத்தரும் தன் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை. வெற்றி மட்டும் கைமாறிவிட்டது.

அளவுகோல்கள் பலவானால் சிக்கல் இன்னும் கூடும். ஒரு நாவலுக்கு மொழியில் 9, அரசியலில் 5. இன்னொன்றுக்கு 6, 9 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சமமாகக் கொண்டால் 14க்கு 15, இரண்டாவது முந்துகிறது. மொழிக்கு இரட்டிப்பு எடை தந்தால் 23க்கு 21, முதலாவது முந்துகிறது. ஆயிரம் பேர் மதிப்பெண் போட்டாலும் இந்த எடையை யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்.

சரி, விதியைத் திருத்திவிடலாமே என்று தோன்றும். 1951இல் கென்னத் ஆரோ அந்த வழியையும் அடைத்தார். எல்லோரும் ஒருமனதாக விரும்புவதை மதிக்க வேண்டும்; மூன்றாவதொன்றின் வரவு மற்ற இரண்டின் வரிசையைக் குலைக்கக் கூடாது; யாரும் சர்வாதிகாரியாகக் கூடாது. தேர்வுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், எப்படிப்பட்ட விருப்பவரிசைகள் வந்தாலும் இவை அனைத்தையும் காப்பாற்றும் கூட்டுவரிசை விதி கிடையாது என்று நிறுவினார்.

ஆகவே கூட்டுமதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. க.நா.சு.விடம் சண்டை போடலாம், ஏனெனில் பட்டியலுக்கடியில் அவர் பெயர் இருந்தது. கூட்டுத்தொகையிடம் யார் சண்டை போடுவது? பரிசுக் குழுவானாலும் சரி, கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் இயக்கக் கூட்டமானாலும் சரி, பட்டியலைப் போட்டது யார், எடை வைத்தது யார், கூட்டிய விதி எது என்று முதலிலேயே கேட்டாக வேண்டும். முடிவு வந்தபிறகு கேட்டால், 'பெரும்பான்மை முடிவுங்க' என்று வாயை அடைத்துவிடுவார்கள்.