இரண்டு செண்டு: எதை வாங்குவது?

முதல் வாசனையில் மயங்காதீர்கள்!

மேஜை மீது பத்துக் குப்பிகள். பத்திலும் செண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

பிரெஞ்சு நாட்டின் பிரபல உடை அலங்கார நிபுணர் கோகோ ஷனேல் அவற்றை முகர்ந்து பார்த்தார். 5-ம் எண் குப்பியைத் தேர்ந்தெடுத்தார். 5 அவருக்கு ராசியான எண்! அதையே பெயராகவும் வைத்துவிட்டார்.

1921-ம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்த செண்டுதான் "ஷனேல் நம்பர் 5".

அதற்குச் சரியான போட்டி "ஷாலிமார்". 1925-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பெரிய கலைக் கண்காட்சி நடந்தது. அதில் பலரையும் கவர்ந்தது இந்த செண்டு.

இரண்டும் இன்றும் விற்கின்றன. விலையோ அதிகம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், எதை வாங்குவது?

சோப்பு வாசனை

நம்பர் 5-ஐத் தயாரித்தவர் எர்னஸ்ட் போ. ரஷியாவில், மாஸ்கோ நகரில் பிறந்தவர். பிரான்சின் கிராஸ் என்ற ஊரில் விளையும் மல்லிகையையும் ரோஜாவையும் அதில் சேர்த்தார். அந்த மல்லிகை வேறு எதுவும் அல்ல. நம் ஊர் சாதிமல்லி இனம்தான்!

அதோடு "ஆல்டிஹைடு" என்ற ரசாயனப் பொருளையும் தாராளமாகக் கலந்தார். அதனால் போட்டதும் மூக்கில் சுருக்கென்று ஏறும். புது சோப்பு போல மணக்கும். பிறகுதான் பூ வாசனை எழும். கடைசியில் தங்குவது சந்தனம்.

தோட்டத்தின் பெயர்

ஷாலிமாரைத் தயாரித்தவர் ஜாக் கெர்லேன். காஷ்மீரிலும் லாகூரிலும் மொகலாய மன்னர்கள் அமைத்த ஷாலிமார் தோட்டங்களை நாம் அறிவோம். அந்தப் பெயரைத்தான் இதற்கு வைத்தார்.

போட்டதும் எலுமிச்சை போல மணக்கும். சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும். பிறகு வெனிலாவும் சாம்பிராணியும் கலந்த இனிய மணம் பல மணி நேரம் நிற்கும்.

ஏமாற்றும் மூக்கு

பார்த்தீர்களா? இரண்டுக்குமே முதலில் ஒரு வாசனை, பிறகு வேறு வாசனை!

காரணம் இதுதான். லேசான எண்ணெய்கள் முதலில் பறந்துவிடும். கனமானவை தோலில் தங்கும். கடையில் முகர்ந்ததும் பணத்தை நீட்டினால், சில நிமிடத்தில் மறையும் வாசனைக்குத்தான் விலை கொடுக்கிறீர்கள்.

என்ன செய்யலாம்?

இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள். எதையும் வாங்காமல் வீடு திரும்புங்கள். மாலையில் முகர்ந்து பாருங்கள். எந்தக் கையை மீண்டும் மீண்டும் முகரத் தோன்றுகிறதோ, அதுவே உங்களுக்கு ஏற்றது.

பகலில் வேலைக்குப் போகிறவருக்கு நம்பர் 5 பொருந்தும். குளிர்ந்த மாலை நேரத்துக்கு ஷாலிமார். கடும் வெயிலில் அதன் இனிப்பு சற்றுத் திகட்டும்.

மனைவிக்குப் பரிசாக வாங்குகிறீர்களா? கடைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கையில் மணப்பது அவர் கையிலும் அப்படியே மணக்கும் என்று சொல்ல முடியாது.

வாங்கிய குப்பியை வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வெளிச்சமும் சூடும் செண்டுக்குப் பகை!