3,000 ரூபாய் பழைய ஸ்பீக்கர்: லாபமா, தலைவலியா?

சம்பளம் வந்த வாரம் சவுண்ட் சிஸ்டம் ஆஃபர் கண்ணில் படாத ஆளே கிடையாது. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு போட்டிருப்பாங்க. ஆனா கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். பிராசசிங் கட்டணமும் தனியா வரலாம்.

இதுக்கு ஒரு மாற்று வழி, பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி சரி செய்றது. ஆனா கணக்கு போடாம இறங்கினா இதுவும் செலவுதான்.

முதல்ல கணக்கு

புது செட் 20,000 ரூபாய்னு வைங்க. பழைய ஜோடி 3,000, ஒட்டுற சாமான் 700, சின்ன ஆம்ப்ளிஃபயர் 3,500. மொத்தம் 7,200. (ஆம்ப்ளிஃபயரைத்தான் பலரும் கணக்கில் விட்டுடுவாங்க. அது இல்லாம இந்த ஸ்பீக்கர் பேசவே பேசாது.) விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்கு போடுற முறையைப் பாருங்க.

நம்ம விதி: மொத்தச் செலவு புதுசோட விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே வரம்பு 10,000. கூம்பைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் மட்கிப் போயிருந்தா, அதை மாத்த 1,500 சேருங்க. 8,700, இன்னும் ஓகே. அதே ஜோடிக்கு 5,500 கேட்டா 11,200 ஆயிடும். நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

பெட்டியோட அடிப்பக்கத்தைப் பாருங்க. எம்டிஎஃப் பலகை தண்ணி குடிச்சு ஊதி, விரல் பட்டா உதிருதா? வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தா டெர்மினல்ல வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா காயிலோ உள் வயரோ போயிருக்கலாம்.

காத்து கசியுதா?

1954-ல அமெரிக்காவில் எட்கர் வில்சுரும் ஹென்றி கிளாஸும் தொடங்கின அகௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தோட ஏஆர்-1 ஸ்பீக்கர்தான் மூடிய பெட்டியைப் பிரபலமாக்கிச்சு. உள்ளே அடைபட்ட காத்தே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அதில் கசிவு வந்தா பேஸ் குறையும், 'உஸ்'னு சத்தமும் வரும்.

சோதனை சுலபம். வூஃபர் கூம்பை நாலு விரலால் சமமா, மெதுவா உள்ளே அழுத்தி விடுங்க. நிதானமா திரும்பினா பெட்டி நல்லா இருக்கு. பட்டுனு திரும்பினா கசிவு. இன்னொரு வழி, பேஸ் அதிகமான பாட்டு போட்டு, இணைப்பு ஓரமா ஊதுபத்தி காட்டுங்க. புகை துடிக்கிற இடம்தான் ஓட்டை. துணி, ஃபோம் பக்கத்தில் நெருப்பு போகக் கூடாது.

கவனம்: சில பெட்டியில் குழாய் மாதிரி வட்டத் துளை இருக்கும். அது டிசைன், கசிவு இல்லை. அதை நிரந்தரமா அடைச்சா சத்தமே மாறிடும். சோதிக்கும்போது மட்டும் உள்ளங்கையால் மூடுங்க.

சரி செய்யும் முறை

1. வயர் இணைப்பை போட்டோ எடுத்துட்டு வூஃபரைக் கழட்டுங்க. காந்தம் ஸ்க்ரூடிரைவரை இழுக்கும், கூம்பு கிழியாம பார்த்துக்கங்க.
2. விரிசலில் பெவிகால் விட்டு, பெரிய இடைவெளியில் மரத்தூள் கலந்து அடைங்க. கயிறு போட்டு இறுக்கி 24 மணி நேரம் விடுங்க.
3. உள் மூலைகளுக்கு நியூட்ரல் சிலிக்கான். வினிகர் வாசனை வர்ற சிலிக்கான் செம்பை அரிக்கும்.
4. வூஃபர் விளிம்பு, டெர்மினல் தட்டு ரெண்டுக்கும் ஃபோம் டேப் போதும். சிலிக்கான் போட்டு ஒட்டினா அடுத்த ரிப்பேருக்குக் கழட்ட முடியாது.
5. ஸ்க்ரூ துளை பெருசாயிருந்தா, பெவிகால் தடவின பல்குச்சி வெச்சு அடைங்க.
6. உள்ளே இருந்த பஞ்சை அதே அளவில் திரும்ப வைங்க. ரெண்டு ஸ்பீக்கர்லயும் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒண்ணு மாறினாலும் பேஸ் காணாம போயிடும்.

ஃபோம் வளையம், டெர்மினல் வேணும்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிங்க.

மிச்சத்தை என்ன செய்றது?

20,000-ல 7,200 போக மீதி 12,800. இந்தப் பணம் கணக்குல சும்மா கிடந்தா அடுத்த சேல்ல காணாம போயிடும். ஸ்பீக்கர் வாங்கின அன்னிக்கே அதை அவசரகால நிதிக்கு மாத்திடுங்க. பெட்டியில் காத்து கசிஞ்சா காதுக்குத் தெரிஞ்சிடும். சம்பளத்துல கசியறது மாசக் கடைசியிலதான் தெரியும்.