கரப்பான் பூச்சி வரும் வழியும் நஞ்சு வரும் வழியும்

கரப்பான் பூச்சி இல்லாத அடுக்குமாடி வீடு ஒன்றைத் தாம்பரத்தில் காட்ட முடியுமா? பெருங்களத்தூர், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எங்கு தேடினாலும் கிடைப்பது அரிதே. மூன்றாம் மாடிக்குப் போய்விட்டால் தொல்லை இராது என்று எண்ணிக் குடிவந்தவர்களும், இரவில் சமையலறை விளக்கைப் போட்டதும் அது சுவரோரம் ஓடி மறைவதைக் கண்டு திகைக்கிறார்கள். “இது எந்த வழியாக வந்தது?” என்று கேட்கிறோம். விடை தேடாமலேயே கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்து அடிக்கிறோம்.

உண்மையில் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும். ஏனெனில் பூச்சி எந்த இடுக்கு வழியாக வருகிறதோ, அதே இடுக்கு வழியாகத்தான் நாம் வைக்கும் நஞ்சும் பயணம் செய்கிறது. 2024 நவம்பரில், தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு குளிர்சாதனம் ஓடிய அறையில் உறங்கிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இச்செய்தியைப் படித்து வருந்தியதோடு நாம் நின்றுவிடக் கூடாது. மூடிய அறையில் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பூச்சியைப் பார்ப்போம்.

நம் வீடுகளில் முக்கியமாகக் காணப்படுபவை இரண்டு இனங்கள். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வாழ்ந்து, குளியலறை வழியாக வீட்டுக்குள் வரும் பெரிய செம்பழுப்பு நிறப் பூச்சி ஒன்று. ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுள்ள இதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். ஆனால் இதன் தாயகம் ஆப்பிரிக்கா. கப்பலேறி அமெரிக்கா போனது. மற்றொன்று சமையலறை அலமாரியிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்திலும் குடியிருக்கும் சிறிய பூச்சி. தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். இதற்கு 1767இல் லின்னேயஸ் ஜெர்மன் கரப்பான் என்று பெயர் வைத்தார். 2024இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் வேறொரு கரப்பான் இனத்திலிருந்து பிரிந்து வந்ததென்று காட்டியது. ஆக, ஜெர்மானியர்மீது பழி போட்டுப் பயனில்லை!

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம். பெரியது வந்தால் குறை உங்கள் குழாய்களில் இருக்கிறது. சிறியது வந்தால் அட்டைப் பெட்டியிலோ, பழைய சாமான்களிலோ, பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்தோ வந்திருக்கிறது.

இரண்டு நாணயங்களின் கனம்

ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஏறத்தாழ 3 மி.மீ. கனம் வரும். வளர்ந்த அமெரிக்கக் கரப்பான் அந்த இடைவெளியில் நுழைந்து வெளியேறிவிடும் என்று கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கௌஷிக் ஜெயராம், ராபர்ட் ஃபுல் ஆகிய இருவர் 2016இல் சோதனை செய்து காட்டினார்கள். நிற்கும்போது சுமார் 12 மி.மீ. உயரமுள்ள பூச்சி நான்கில் ஒரு பங்காகத் தன்னைத் தட்டையாக்கிக் கொள்கிறது. தன் எடையைப் போல் 900 மடங்கு பாரத்தை அதன்மேல் ஏற்றி எடுத்த பிறகும் அது காயமின்றி ஓடியது. அதன் மேலோடு ஒரே தகடாக இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பல தகடுகளாக மென்மையான இணைப்புகளுடன் அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

செருப்பை ஓங்கினால் ஏன் தப்பிவிடுகிறது என்பதும் பௌதிகம்தான். இறங்கும் செருப்பு தனக்கு முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பூச்சியின் பின்முனையிலுள்ள இரு கொம்புகளில் நுண்ணிய மயிர்கள் வரிசையாக உள்ளன. அந்தக் காற்றில் மயிர்கள் சாய்ந்ததும், ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் பூச்சி திரும்பி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடும் வேகமோ வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வரை. ஈ அடிக்கும் மட்டையில் துளைகள் இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? துளைகளின் வழியே காற்று போய்விடுவதால், அடி விழப்போவதை அறிவிக்கும் காற்று குறைகிறது.

ஆனால் அடித்துக் கொல்வது பெரிய பலன் தராது. ஜெர்மன் இனத்தில் ஒரு பெண் பூச்சி சுமக்கும் முட்டைக் கூட்டில் முப்பது, நாற்பது முட்டைகள் இருக்கும். பொரிக்கும் தறுவாய் வரை அதைத் தன்னுடனேயே வைத்திருக்கும். மருந்துத் தெளிப்பு அந்தக் கூட்டுக்குள் நன்றாக ஊடுருவுவதும் இல்லை.

நீர்ப்பூட்டு என்னும் காவல்காரன்

பெரிய கரப்பானுக்கு வருவோம். குளியலறைத் தரையில் நீர் போகும் இடத்தில் ஜாலிக்குக் கீழே வளைந்த ஓர் அமைப்பு இருக்கும். பிளம்பர்கள் இதை நஹானி டிராப் என்பார்கள். வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நின்றுகொண்டிருக்கும். இந்த நீர்ப்பூட்டுத்தான் சாக்கடைக் காற்றையும் பூச்சியையும் தடுக்கும் கதவு. பொதுவாக இதன் ஆழம் 50 மி.மீ. அளவில் இருக்கும். வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீரைத் தாங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் 50 மி.மீ. நீர், வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கைத்தான் எதிர்த்து நிற்கும். இவ்வளவு சிறிய அழுத்த மாறுதலே அந்தக் கதவைத் திறந்துவிடப் போதும்!

இது எப்படி நேர்கிறது? மேல் மாடிக் கழிப்பறையில் ஒரு தொட்டி நீரைத் திறந்துவிட்டால், அது பொதுக்குழாயில் காற்றையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. குழாயில் அழுத்தம் குறைகிறது. அதைச் சரிசெய்யவே மொட்டை மாடிவரை ஒரு காற்றுக் குழாய் நீட்டப்பட்டிருக்கும். அது அடைபட்டிருந்தால், உங்கள் வீட்டு நீர்ப்பூட்டிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டுவிடும். ‘களக் களக்’ என்று ஓசை கேட்டு, பிறகு நாற்றம் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அழகுக்காகவோ மேல் கட்டுமானத்துக்காகவோ இந்தக் குழாயை அறுத்து மூடிவிடும் கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழாயை மிச்சப்படுத்தி, குடியிருப்பு முழுவதற்கும் கரப்பானை வரவழைக்கும் வேலை அது.

இரண்டாவது காரணம் ஆவியாதல். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால், நீர்ப்பூட்டு வற்றிவிடும். கிளம்புமுன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு செம்பு நீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். இதற்குச் செலவு ஒரு ரூபாய் ஆகுமா?

மூன்றாவதாக, பூட்டையே தவிர்த்துவிட்டு வரும் வழி. சமையலறைத் தொட்டியிலிருந்து இறங்கும் சுருள் குழாயைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது சுவரிலோ தரையிலோ உள்ள குழாய்க்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளி! பூச்சிக்குத் தேவையோ 3 மி.மீ. வெள்ளைச் சிமெண்டோ எம்-சீலோ வைத்து அதை அடைத்தாலே பாதித் தொல்லை போகும். குளிர்சாதனக் குழாய் செல்லும் சுவர்த் துளையும் அப்படியே. குளியலறை ஜாலியின் துளைகளும் அகலமானவை. கரப்பான் தடுப்பு ஜாலி என்றே கடைகளில் கிடைக்கிறது.

நம் பகுதிக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆயினும் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் பல; அங்கெல்லாம் கட்டடத்தின் அடியிலேயே கழிவுநீர்த் தொட்டி. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாறு தொட்டிகளும் வளைகளும் நீரில் மூழ்கும்போது, கரப்பானும் எலியும் பெருச்சாளியும் போக வேறு இடமின்றி மேலே ஏறுகின்றன. மழைக்காலத்துக்கு முன்பே இடுக்குகளை அடைப்பது நல்லது.

சிறிய கரப்பானுக்கு நீரே பெரும் பலவீனம். நீர் மட்டும் கிடைத்தால், உணவின்றி ஏறத்தாழ ஆறு வாரம்கூட அது உயிர் வாழும். நீர் இல்லையேல் இரண்டு வாரம் தாண்டுவது அரிது. இரவு படுக்குமுன் தொட்டியைத் துணியால் உலரத் துடைத்து, சொட்டும் குழாயைச் சரிசெய்தால் அதன் உயிர்நாடியையே பிடித்தவர் ஆவீர்கள்.

அடித்தால் என்ன ஆகிறது?

கடையில் கிடைக்கும் தெளிப்பு மருந்துகளில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பொருள்கள் உள்ளன. இவை பூச்சியைக் கொல்வதோடு விரட்டவும் செய்யும். தனி வீட்டில் விரட்டினால் தோட்டத்துக்குப் போகும். அடுக்குமாடியிலோ, குழாய்கள் செல்லும் பொதுச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், வாசனை அடங்கியதும் திரும்பி வரும். மேலும், அந்த டப்பாக்களில் மருந்தை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் நம் சமையல் வாயுவேதான். எரியும் அடுப்பருகே அடிப்பது தீயை அழைப்பதற்குச் சமம்.

புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் இரை இதைவிட நல்லது. உண்ட பூச்சி தன் மறைவிடத்தில் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். காற்றில் நஞ்சு கலப்பதில்லை. ஆனால் பூச்சியும் சளைத்ததல்ல. இரையில் சேர்த்த குளுக்கோஸ் கசப்பாகத் தோன்றும்படி மாறிவிட்ட ஜெர்மன் கரப்பான்கள் இருப்பதாக 2013இல் அறிவியலார் கண்டறிந்தனர். ஒரு ஜெல் பலிக்காவிட்டால் வேறு வகையை மாற்றிப் பாருங்கள். குடியிருப்பு முழுவதும் ஒரே வாரத்தில் வைத்தால் பலன் பன்மடங்கு.

கரப்பானை அலட்சியமாக விட்டுவிடவும் சொல்லவில்லை. அமெரிக்க நகரங்களில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு இது: கரப்பான் ஒவ்வாமை உடையவராகவும், படுக்கையறையில் அதன் துகள் மிகுந்தும் இருந்த குழந்தைகள், மற்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர நேர்ந்தது.

பாச்சை உருண்டையைப் பற்றி ஒரு சொல். பெயரில் பாச்சை இருந்தாலும், திறந்த இடத்தில் அது கரப்பானை அசைப்பதில்லை. நாஃப்தலீன் திண்மத்திலிருந்து நேரே ஆவியாவது பதங்கமாதலுக்கு நல்ல உதாரணம். ஆனால் அந்த ஆவி, ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்த பச்சிளங் குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழந்தைத் துணிகளோடு அதைப் போட்டு வைக்காதீர்கள்.

ஒரு சிறு கணக்கு

இனி எலி மருந்து. இரையாகத் தின்றால் மட்டும் நஞ்சாகும் வகை ஒன்று. வாயுவாக மாறும் வகை மற்றொன்று. இரண்டாம் வகையில் முக்கியமானவை பாஸ்பைடுகள். அலுமினியம் பாஸ்பைடு காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தாலே பாஸ்பீன் என்னும் கொடிய வாயு வெளிப்படும். இது தானியக் கிடங்குகளுக்கு உரியது. வீட்டில் வைப்பதற்கு உரியதே அல்ல. துத்தநாகப் பாஸ்பைடும் ஈரமும் அமிலமும் பட்டால் இதே வாயுவைத் தரும்.

3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒன்று, 1 கிராம் பாஸ்பீனைத் தரும். பாஸ்பீனின் மூலக்கூறு எடை 34. சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராமின் பருமன் சுமார் 0.7 லிட்டர். உங்கள் படுக்கையறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று கொள்வோம். அதில் அடங்கும் காற்று 1,200 கன அடி. அதாவது 34,000 லிட்டர். வகுத்துப் பாருங்கள்: பத்து லட்சத்தில் 20 பங்கு. தொழிலாளி ஒருவர் எட்டு மணிநேர வேலையில் சுவாசிக்கலாம் என்று அமெரிக்காவில் வகுத்த வரம்பு, பத்து லட்சத்தில் 0.3 பங்குதான். ஒரே மாத்திரை அதைப்போல் அறுபது, எழுபது மடங்கு!

“பாஸ்பீன் காற்றைவிடக் கனமானது, தரையோடு கிடக்கும், கட்டிலில் படுத்தால் ஆபத்தில்லை” என்று சிலர் வாதிடலாம். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஆனால் ஆக்சிஜனும் நைட்ரஜனைவிடக் கனமானதுதானே? அதற்காக ஆக்சிஜன் தரையிலும் நைட்ரஜன் கூரையிலுமா பிரிந்து நிற்கின்றன? மூலக்கூறுகளின் ஓயாத இயக்கம் எல்லாவற்றையும் கலந்துவிடும். மின்விசிறியும் குளிர்சாதனமும் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். நம் வீடுகளிலுள்ள ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிரூட்டி, திருப்பி அனுப்புகிறது. கதவும் சன்னலும் சாத்தியிருக்க, கலந்த நஞ்சு விடிய விடிய அங்கேயே சுழலும். குழந்தைகள் தம் எடைக்கு ஏற்ற அளவில் பெரியவர்களைவிட அதிகம் காற்றைச் சுவாசிப்பதால், முதலில் பாதிக்கப்படுபவர்களும் அவர்களே.

வீட்டுக்கு வெளியே வைத்தால் போதுமா? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லேடன் என்னும் ஊரில், 2010 பிப்ரவரியில், வீட்டருகே வயல் எலிகளின் வளைகளில் பூச்சி ஒழிப்பவர் ஒருவர் இத்தகைய மருந்தை இட்டார். வாயு வீட்டுக்குள் கசிந்து இரண்டு சிறுமிகள் இறந்தனர். மண்ணிலும் சுவரிலும் உள்ள இடுக்கே போதுமானதாக இருந்தது.

ஆகவே பூச்சி ஒழிப்புக்கு ஆள் வரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா? மருந்தின் பெயர் என்ன, அது வாயுவாகுமா, எத்தனை மணிநேரம் வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும்? பெயர் சொல்லத் தயங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எலிக்குப் பழைய எலிப்பொறியே போதும். சுண்டெலி பென்சில் கனமுள்ள துளையில் நுழையும் என்பதால் துளைகளை இரும்பு வலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள்.

அறையில் பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை வீசினாலோ, மருந்து வைத்த வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் கண்டாலோ, உணவில் கோளாறு என்று காத்திராதீர்கள். வாடை இல்லாததால் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். உடனே எல்லோரும் வெளியேறுங்கள். போகிற வழியில் கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மாத்திரையையோ பொடியையோ நீர் விட்டுக் கழுவ முயலாதீர்கள். நீர் பட்டால் வாயு இன்னும் விரைவாக எழும். பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது, மருத்துவமனையில் சேர்த்துத் தரும் சிகிச்சையே துணை. 108ஐ அழைத்து, மருந்தின் பெயரையும் அது வைக்கப்பட்ட நேரத்தையும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.