அயல்நாட்டில் உணவகம்: தாய்லாந்து காட்டும் கணக்கு

அண்மைக் காலமாக நம் சங்க உறுப்பினர்களில் சிலர் ஒரே விஷயத்தைப் பற்றி விசாரித்து வருகின்றனர். பையன் ஓட்டல் நிர்வாகம் படித்தான், நாலைந்து வருடம் பயணிகள் கப்பலில் சமையல்காரனாக இருந்தான், இத்தாலி நாட்டுச் சமையல் அவனுக்கு அத்துப்படி. இப்போது தாய்லாந்தில் புக்கெட் தீவிலோ பட்டயாவிலோ மேல்நாட்டு உணவகம் ஒன்று போடவேண்டும் என்கிறான். இங்குள்ள கடையை ஈடு வைத்துப் பணம் கொடுக்கலாமா என்பதே கேள்வி. கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வது நம் வேலையன்று. ஆனால் போட்ட முதல் யார் பெயரில் நிற்கும், கல்லாவில் யார் உட்காரலாம், சரக்கு எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் கேட்காமல் மளிகைக்கடைக்காரன் ஒரு மூட்டை துவரம்பருப்புகூட வாங்க மாட்டான். இவ்வளவு பெரிய காரியத்தில் மட்டும் கேட்காமல் இருக்கலாமா?

அந்த ஊர்களில் இப்படிக் கடை போட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். விடுமுறைக்கு வந்து கடற்கரையைப் பார்த்து மயங்கி, ஊரில் வீட்டை விற்றுக்கொண்டு வந்து ஆங்கிலேயர் காலைச் சிற்றுண்டிக் கடையோ, ஜெர்மானியர் இறைச்சிக் கடையோ, பிட்சாக் கடையோ திறந்தவர்கள். அவர்களுக்கு உள்ள சட்டம்தான் நம் பிள்ளைகளுக்கும். எனவே அவர்கள் பட்டதை வைத்தே பார்ப்போம்.

முதலில் உரிமை. தாய்லாந்தில் 1999-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் வணிகச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதற்கு முன் 1972-லிருந்து வேறொரு சட்டம் இருந்தது. இந்த 1999 சட்டத்தின் மூன்றாம் பட்டியலில், வெளிநாட்டவருடன் போட்டியிடத் தம் மக்கள் இன்னும் தயாராகவில்லை என்று அந்நாடு கருதும் தொழில்கள் வரிசையாக உள்ளன. உணவு, பானம் விற்பனை அதில் ஒன்று. சிறு முதலிலான சில்லறை வணிகமும் மொத்த வணிகமும் அதே பட்டியலில் இருக்கின்றன என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். இதை நாம் குறை சொல்ல மாட்டோம். நம் நாட்டிலும் 2012-ல் பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு அனுமதி தந்தபோது நம் சங்கங்கள் கடையடைத்துக் கேட்டது இப்படியொரு பாதுகாப்பைத்தானே!

ஆக, சிறப்பு உரிமம் பெறாத வெளிநாட்டவர் உணவகத்தின் முழு உரிமையாளராக முடியாது. கம்பெனி பதிவு செய்து, பங்குகளில் பாதிக்கு மேல் தாய் குடிமக்கள் வைத்திருந்தால்தான் அது தாய் கம்பெனி. 49 பங்கு நமக்கு, 51 பங்கு அவர்களுக்கு என்பது வழக்கமான ஏற்பாடு. அமெரிக்கர்களுக்கு மட்டும் 1966-ல் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தத்தின்படி இந்த வரம்பில் விலக்கு உண்டு. இந்தியருக்கு அந்த விலக்கு இல்லை.

இங்கேதான் வம்பு தொடங்குகிறது. அந்த 51 பங்குக்கு ஆள் எங்கே? "பெயர் மட்டும் கொடுக்க ஆள் நாங்கள் தருகிறோம், வருடத்துக்கு இவ்வளவு கட்டணம்" என்று சொல்லும் இடைத்தரகர்கள் சுற்றுலா ஊர்களில் உண்டு. நம்மூரில் பினாமி என்கிறோமே, அதேதான். சட்டத்தின் 36-ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. பெயர் கொடுத்த தாய் குடிமகனுக்கும் கொடுக்க வைத்த வெளிநாட்டவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலை மூடவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பினாமி நாளைக்கு மனம் மாறி "கடை என்னுடையது" என்றால், "இல்லை, அவர் பினாமி" என்று சொல்ல நம்மவர் வாய் திறக்க முடியாது. திறந்தால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கைமாற்றுக் கொடுத்தவனுக்குக்கூட ஒரு சிட்டை இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே 51 பங்கு வைத்திருப்பவர் உண்மையிலேயே பணம் போட்ட கூட்டாளியாக இருக்கவேண்டும். அவர் பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் கேட்டால் காட்ட வழியிருக்கவேண்டும். சிலர் அந்நாட்டுப் பெண்ணை மணந்து மனைவி பெயரில் கடை நடத்துகிறார்கள். சட்டப்படி கடை மனைவியுடையது. இல்லறம் நன்றாக இருக்கும்வரை வியாபாரமும் நன்றாக இருக்கும்.

அடுத்தது வேலை அனுமதி. கம்பெனியில் பங்கு வைத்திருப்பது வேறு, அங்கே வேலை செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனி அனுமதி வேண்டும். ஒரு வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி கேட்டால் கம்பெனியின் செலுத்தப்பட்ட மூலதனம் பொதுவாக 20 லட்சம் பாட் இருக்கவேண்டும். தாய் குடிமகளை மணந்தவருக்கு இதில் பாதி போதும். விசாவை ஆண்டுதோறும் நீட்டிக்க, ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய் பணியாளர் என்ற விகிதம் கேட்கிறார்கள். அவருக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளமும் நாட்டுக்கு நாடு விதித்திருக்கிறார்கள். மேற்கு ஐரோப்பியர், அமெரிக்கர் போன்றோருக்கு அது 50,000 பாட். கடையில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் காட்டி வருமான வரி கட்டவேண்டும். "முதலாளிக்கு எதற்குச் சம்பளம், மீந்ததை எடுத்துக்கொள்வோம்" என்ற நம் கடைவீதிப் பழக்கம் அங்கே செல்லாது.

அனுமதியில் எழுதியுள்ள வேலையைத்தான் செய்யலாம் என்பதையும் மறக்கக்கூடாது. மேலாளர் என்று எழுதியிருந்தால் மேற்பார்வை பார்க்கலாம். கூட்டம் வந்துவிட்டது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பார்க்கிறவர் புகார் எழுதினால், சிக்கல்தான். கடை முன் நின்று விற்பது தாய் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. கப்பலில் கரண்டி பிடித்தவன் தன் சொந்தக் கடையில் கரண்டி பிடிக்கவும் தாளில் இடம் வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு விசித்திரமாகத்தான் தோன்றும்.

இடம் பிடிப்பதில் நம்மூர் 'குட்வில்' போல அங்கும் ஒன்று உண்டு. 'செங்' என்பார்கள். நடக்கிற கடையை மேசை நாற்காலி, அடுப்பு, குளிர்பெட்டியோடு ஒருவர் மற்றவருக்கு மாற்றிக்கொடுத்து வாங்கும் தொகை. மாதவாடகை தனி. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மட்டுமே அது செல்லும். கட்டட உரிமையாளர் சம்மதமின்றி வேறொருவருக்குக் கைமாற்றவும் முடியாது. எனவே செங் பணத்தை வாங்குகிறவரிடம் பேசுவதற்கு முன் கட்டடக்காரரிடம் பேசவேண்டும். ஒப்பந்தத்தில் எட்டு மாதம் மீதியுள்ள கடைக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, எட்டாம் மாதம் காலி செய்தவர்கள் உண்டு.

உரிமங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 200 சதுர மீட்டருக்கு உட்பட்ட உணவகத்துக்கு உள்ளாட்சியில் அறிவித்துச் சான்று பெற்றால் போதும். அதற்கு மேற்பட்டால் உரிமம் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 18 லட்சம் பாட்டைத் தாண்டினால் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்யவேண்டும். வரி 7 சதவீதம். சிறிய கம்பெனியானாலும் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கொடுத்தாகவேண்டும். மதுவுக்குக் கலால் உரிமம் தனி. இருபது வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பெயர்ப்பலகைக்கும் வரி உண்டு. தாய் எழுத்து மட்டும் இருந்தால் குறைந்த வரி. தாய் எழுத்தே இல்லாவிட்டாலோ, அந்நிய எழுத்துக்குக் கீழே இருந்தாலோ கூடுதல். அதனால்தான் அங்குள்ள ஆங்கிலப் பலகைகளின் மேல் மூலையில் தாய் எழுத்து சின்னதாக ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வியாபாரி எங்கும் வியாபாரியே!

சரக்கு விஷயம் நமக்குப் பிடித்த பகுதி. தாய்லாந்தில் கோதுமை விளைச்சல் இல்லையென்றே சொல்லலாம். சீஸ், வெண்ணெய், ஆலிவ் எண்ணெய், நல்ல மாட்டிறைச்சி எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வருவன. 2005-ல் ஆஸ்திரேலியாவுடனும் நியூசிலாந்துடனும் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தபின் பால்பொருள், இறைச்சி மீதான தீர்வை படிப்படியாக இறங்கியது. 2024-ல் ஒயினுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கினார்கள். கலால் வரி நீங்கவில்லை. கீரை, லெட்யூஸ், ஸ்ட்ராபெரி போன்றவற்றுக்கு மட்டும் வெளியே போகவேண்டாம். 1969-ல் மன்னர் பூமிபோல் தொடங்கிய அரச திட்டத்தின் மூலம், சியாங்மாய்ப் பக்கத்து மலைவாசிகள் அபினிச் செடியை விட்டுவிட்டு இந்தக் குளிர்நாட்டுப் பயிர்களுக்கு மாறினார்கள். வெள்ளைக்காரன் தட்டில் வைக்கும் பச்சைக் காய்கறிக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு. கொள்முதலுக்கு மாக்ரோ என்ற ரொக்க மொத்த அங்காடி 1989 முதல் இருக்கிறது. டச்சுக்காரர் தொடங்கியது, 2013-ல் தாய்லாந்துக் குழுமத்தின் கைக்கு வந்தது. சிறு உணவகக்காரர்கள் வண்டியோடு போய் ரொக்கம் கொடுத்து ஏற்றி வருகிறார்கள். கடன் சிட்டை கிடையாது.

இறக்குமதிச் சரக்கை நம்பிய கடைக்கு நாணய மதிப்புதான் எமன். 1997 ஜூலை 2 அன்று பாட்டின் மதிப்பை மிதக்க விட்டார்கள். டாலருக்கு 25 பாட் என்றிருந்தது, 1998 ஜனவரியில் 56 வரை போனது. 100 பாட்டுக்கு வாங்கிய சீஸ் 200-க்கு மேல் ஆனால், 300 பாட்டுக்கு விற்கும் பிட்சாவை 600 என்று பலகையில் எழுதமுடியுமா? வாடிக்கையாளர் எதிர்வரிசையில் அரிசிச் சோறும் மீனும் சாப்பிடப் போய்விடுவார்.

வாடிக்கையாளர் யார் என்பதும் பெரிய கேள்வி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சுற்றுலாக் கூட்டம். அப்புறம் வெயில், அப்புறம் மழை. ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டுக்குப் பணியாட்கள் வடகிழக்கு மாகாணங்களில் உள்ள சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் உண்டு. 2019-ல் கிட்டத்தட்ட 4 கோடி சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு, கொரோனாவால் 2021-ல் வந்தவர்கள் 4 லட்சத்துச் சொச்சம் பேர்தான். வெளிநாட்டு முகத்தை மட்டும் நம்பியிருந்த கடைகள் அந்த இரண்டு வருடத்தில் வரிசையாக மூடின. உள்ளூர்க் குடும்பங்கள் வந்துபோகும் கடைகள் பார்சல் கட்டிக் கொடுத்தாவது ஓரளவு தாக்குப்பிடித்தன.

உள்ளூர் மக்களை நம்பியவர் கதை ஒன்று பலரும் அறிந்தது. வில்லியம் ஹைனெக்கே என்ற அமெரிக்கர் சிறுவயதிலேயே தாய்லாந்துக்கு வந்தவர். 1980-ல் பட்டயாவில் பிட்சா ஹட் கடையைத் திறந்தார். தாய் மக்கள் சீஸ் சாப்பிடமாட்டார்கள் என்று பலரும் சொன்ன காலம். அவர் இளைஞர்களையும் குழந்தைகளையும் பழக்கினார். 1991-ல் தாய்லாந்துக் குடியுரிமையே பெற்றுக்கொண்டார். நூற்றுக்கு மேற்பட்ட கடைகளாகப் பெருகியபின், பெயர் கொடுத்த அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தத் தகராறு வந்து முறிந்தது. 2001-ல் அதே கடைகளில் பலகையை மட்டும் மாற்றி 'தி பிட்சா கம்பெனி' என்று நடத்தினார். கட்டடம், ஆட்கள், வாடிக்கையாளர் மூன்றும் அவர் கையில் இருந்தபடியால் வியாபாரம் போகவில்லை. சீஸையும் சொந்த ஆலையிலேயே செய்யத் தொடங்கியது அவர் குழுமம். எல்லோரும் ஹைனெக்கே ஆகமுடியாது என்பது வேறு விஷயம்.

இனி, இங்கிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு. ரிசர்வ் வங்கியின் தாராள அனுப்புத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவதென்றால் 2022-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி படிவம் கொடுக்கவேண்டும். உண்டியலில் அனுப்பினால் கமிஷன் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். அந்தப் பணம் அங்கே முதலாகக் காட்டவும் உதவாது, கடையை விற்றுத் திருப்பிக் கொண்டுவரவும் உதவாது. தாய்லாந்து வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே திரும்பும் வழி எளிது.

பையனை முதலில் வேலை அனுமதியோடு அங்குள்ள நல்ல உணவகம் ஒன்றில் இரண்டு மழைக்காலம் வேலை பார்க்கச் சொல்லுங்கள். சீசனில் பார்த்த கல்லாவை யாரும் நம்பக்கூடாது. செப்டம்பர் மாதத்துக் கல்லாவைப் பார்த்துவிட்டு அவன் கணக்கு எழுதி அனுப்பட்டும். அந்தக் கணக்கில் வாடகை, சம்பளம், தணிக்கைக் கட்டணம், விசாச் செலவு எல்லாம் போய் ஏதாவது நின்றால், அப்போது ஈட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசலாம்.