பிரிட்டனில் வெண்பனி

ஆங்கிலக் கதைகளைப் படித்துப் பழகிய நம் மாணவர்களுக்கு, இங்கிலாந்து என்றவுடன் வெண்பனி போர்த்த கூரைகளும் உறைந்த குளங்களும் மனக்கண்முன் தோன்றும். இந்தச் சித்திரத்தை நமக்கு வரைந்து தந்தவர்களுள் முதல்வர் சார்லஸ் டிக்கன்ஸ். அவர் பிறந்தது 1812-ல். அவருடைய பிள்ளைப் பருவத்தில் குளிர்காலங்கள் மிகக் கடுமையாக இருந்தன. 1814-ல் லண்டனில் தேம்ஸ் நதி உறைந்தது. மக்கள் அதன்மேல் கடை விரித்துச் சந்தை நடத்தினர். அதுவே கடைசிச் சந்தை. இதற்குக் குளிர் குறைந்தது மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. நெருக்கமான தூண்களையுடைய பழைய லண்டன் பாலம், 1831-ல் புதுப் பாலம் திறக்கப்பட்டபின் இடிக்கப்பட்டது. அதனால் நதியின் ஓட்டம் விரைவு பெற்றுவிட்டது.

நாம் மார்கழியில் புல்நுனியில் காணும் துளியையும் பனி என்கிறோம். இமயத்தின் முடியிலிருப்பதையும் பனி என்கிறோம். ஆகவே, வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதை மட்டும் இங்கே வெண்பனி என்று குறிப்போம்.

பிரிட்டன் வெண்பனி நாடா? அந்நாடு பனிக்கும் மழைக்கும் இடையிலுள்ள வரம்பின்மேல் நிற்கிறது என்பதே பொருத்தமான விடை. எடின்பரோவும் மாஸ்கோவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. ஜனவரியில் மாஸ்கோ உறைந்து கிடக்கும். எடின்பரோவிலோ சராசரி வெப்பம் உறைநிலைக்கு மேலே நாலு பாகையளவில் இருக்கும். அட்லாண்டிக் கடல் கோடையில் சேமித்த வெப்பத்தை மேற்குக் காற்று வாரிக் கொண்டுவருவதே இதற்குக் காரணம்.

அந்நாட்டில் குளிர்காலத்தில் பெய்யும் மழையின் பெரும்பகுதி, மேகத்தில் வெண்பனியாகவே பிறக்கிறது என்பது வியப்பான செய்தி. கீழே இறங்கும் வழியில் காற்று உறைநிலைக்கு மேல் வெப்பமாக இருந்தால் அது உருகி மழையாகிறது. இல்லையேல் பனியாகவே தரையைத் தொடுகிறது. ஆயிரம் மீட்டர் உயர ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். ஆகவே நாட்டின் வெப்பம் ஒரு பாகை கூடினால், பனி உருகாமல் விழும் எல்லை மலையின்மேல் ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் உயர்ந்துவிடும். இமயத்துக்கு இது பெரிதன்று. பிரிட்டனிலோ மிக உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸே 1,345 மீட்டர்தான்! அங்கே நூற்றைம்பது மீட்டர் என்பது எத்தனையோ குன்றுகளின் தலையெழுத்து.

கார்டன் மான்லி என்ற அறிஞர் பழைய பதிவேடுகளைத் தேடித் தொகுத்த மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பட்டியல் 1659-லிருந்து தொடங்குகிறது. அதில் 1683-84, 1739-40 ஆகிய குளிர்காலங்களுக்கு அடுத்தபடியாகக் கடுமையானது 1962-63. கிறிஸ்துமஸ் மறுநாள் விழத் தொடங்கிய பனி பல இடங்களில் மார்ச் மாதம்வரை கிடந்தது. கரையோரத்தில் கடல்நீரும் உறைந்தது. அந்தக் குளிர்காலத்தின் சராசரி என்ன? உறைநிலைக்குக் கீழே 0.3 பாகை, அவ்வளவே! அதற்குப்பின் எந்தக் குளிர்காலத்தின் சராசரியும் உறைநிலைக்குக் கீழே போகவில்லை.

பனி குறைந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். 1947-ல் ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை, நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் நாள்தோறும் பனி பெய்தது. நிலக்கரி வண்டிகள் நின்றன; மின்சாரம் நின்றது; தொழிற்சாலைகள் மூடின. மந்தை மந்தையாக ஆடுகள் மடிந்தன. முடிவில் பனி உருகி வெள்ளமும் வந்தது. அதை அனுபவித்தவர்கள் பனிக்காக ஏங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் மலையில் வாழும் உயிர்களின் கணக்கு வேறு.

ஸ்காட்லாந்தில் கேர்ன்கார்ம் மலைத்தொகுதியைச் சேர்ந்த பிரேரியாக் மலையில், நிழல் விழும் பள்ளமொன்றில் ஒரு பனித்திட்டு உண்டு. மேலேயுள்ள பாறையேற்றப் பாதையின் பெயரால் அதை 'ஸ்பிங்ஸ்' என்பர். கோடையிலும் கரையாதது என்று பெயர் பெற்றிருந்த அது 1933-ல் முற்றும் கரைந்தபோது, மலையேறுவோர் அதை ஓர் அதிசயமாகக் கருதினர். பிறகு 1959-ல் கரைந்தது, அடுத்து 1996, அப்பால் 2003, 2006, 2017, 2018, 2021. இடைவெளிகள் சுருங்கி வருவதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இவற்றுள் 2018-ஐச் சற்றுக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் ரஷ்யத் திசையிலிருந்து வீசிய கடுங்குளிர்க் காற்றால் பிரிட்டன் பனியில் மூழ்கியது. புவி வெப்பமடைகிறதாம், இதோ பனியைப் பாருங்கள் என்று நகைத்தவர்களும் உண்டு. அதே ஆண்டில்தான் ஸ்பிங்ஸ் மறைந்தது. ஒரு வாரத்துப் பனி வானிலை. பல்லாண்டுகளின் கணக்கே தட்பவெப்பநிலை.

இனி மலை முயலைப் பார்ப்போம். கோடையில் பழுப்பாயிருக்கும் அதன் உரோமம் குளிர்காலத்தில் வெண்மையாகும். வெண்பனியில் அது கழுகின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. முயல் பனியைப் பார்த்து நிறம் மாறுவதில்லை; பகற்பொழுது குறுகுவதும் நீள்வதுமே அதற்குச் சாடை. பகலின் நீளம் பண்டுபோலவே இருக்கிறது. பனி கிடக்கும் நாட்களோ குறைந்துவிட்டன. ஆகவே குறித்த காலத்தில் தவறாமல் வெள்ளாடை உடுத்திக்கொண்ட முயல், பனியில்லாத பழுப்புநிற மலைச்சரிவில், தான் மறைந்திருப்பதாக எண்ணி அசையாமல் அமர்ந்திருக்கிறது.